இடுக்கை அடைத்தால் இழுப்பு நிற்குமா?

2024 அக்டோபர் 6 – கேள்வி

சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட்டில் வாடகை வீடு. பையனுக்கு ஆறு வயது, ஆஸ்துமா. மழைக்காலம் ஆரம்பித்தால் இரவெல்லாம் இருமல், இழுப்பு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீட்டை இலவசமாக வெதரைசேஷன் செய்து தருகிறார்களாம், அதாவது இடுக்குகளை அடைத்துக் குளிர் புகாமல் செய்வது, கூடவே ஒரு ஹெல்த் ஒர்க்கர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பாராம். என் சந்தேகம் இதுதான்: வீட்டை இறுக்கி மூடினால் உள்ளே இருக்கிற தூசியும் பூஞ்சையும் வெளியே போக வழியில்லாமல் பிள்ளைக்கு இன்னும் மோசமாகாதா? அப்புறம், மெத்தையைத் தட்டு, தரையைத் துடை என்று சொல்ல தனியாக ஓர் ஆள் எதற்கு? அந்த வேலையை என் மாமியார் சம்பளம் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்.

2024 அக்டோபர் 6, இரவு

மாமியார் வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், அதனால்தான் பதில் எழுதுகிறேன். சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டி மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் பதினொரு வருடமாக வீடு வீடாகப் போய் எனர்ஜி ஆடிட் செய்கிற ஆள் நான். வாசல் கதவில் ஒரு பெரிய ஃபேனை மாட்டி, வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கிலிருந்து காற்று உள்ளே வருகிறது என்று புகைக்குச்சியை வைத்துப் பார்க்கும் வேலை. ப்ளோயர் டோர் என்பார்கள். 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஓடவிடுவோம், மணிக்கு 20 மைல் வேகத்தில் நாலு பக்கமும் காற்றடித்தால் எப்படியோ அப்படி.

உங்கள் கேள்வியில் முதல் பாதி சரி, பின் பாதி தப்பு என்று சொல்ல வந்தேன். நாளைக்கு எழுதுகிறேன், காலையில் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.

2024 அக்டோபர் 7

சரி, முதல் பாதி. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

ரென்டனில் 1962இல் கட்டிய பழைய வீடு. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், ஒரு கான்ட்ராக்டரை வைத்து ஆட்டிக்கில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே இருக்கிற இடத்தில், சூட்டை வெளியே விடாத இன்சுலேஷன் போட்டு, ஜன்னல் ஓரமெல்லாம் கால்க் என்ற பசை அடித்து, கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை வைத்து எல்லாம் செய்தோம். ஹீட்டர் பில் குறைந்தது, வீட்டில் குளிர் இல்லை, எனக்கு ஒரே பெருமை. ஜனவரி வந்ததும் ஜன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. பிப்ரவரியில் மகள் அறை அலமாரியின் பின்சுவரில், வெளிச்சுவர் அது, மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அவளுக்கு அப்போது நாலு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு இருமல், மூன்று மணிக்கு இழுப்பு, நாலு மணிக்கு காரில் எமர்ஜென்சி. அந்தக் குளிர்காலத்தில் மூன்று தடவை போனோம்.

காரணம் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் குழாய் கூரைக்கு வெளியே போகவே இல்லை, ஆட்டிக்குக்குள்ளேயே நின்றிருந்தது. புதிதாகப் போட்ட இன்சுலேஷன் அதன் வாயையும் மூடிவிட்டது. குளிக்கிற நீராவி, இட்லி வேகிற ஆவி, உள்ளே கொடி கட்டிக் காயப்போடும் துணியின் ஈரம், எதற்கும் போக்கிடம் இல்லை. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், உங்கள் ஆட்கள் ரொம்ப சமைக்கிறீர்கள் என்றார். அந்தக் கோபத்தில்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆக, காற்று வெளியே போக வழி செய்யாமல் இடுக்கை மட்டும் அடைத்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். அமெரிக்க அரசின் வெதரைசேஷன் திட்டம் 1976இல் சட்டமானபோது எண்ணெய் நெருக்கடி காலம், எரிபொருளை மிச்சம் பிடிப்பதுதான் குறி. இப்போது அப்படி விட்டுவிட முடியாது. ஆஷ்ரே 62.2 என்று ஒரு விதி, வீட்டின் அளவையும் படுக்கையறை எண்ணிக்கையையும் வைத்து எவ்வளவு காற்று மாற வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்கிறது. 1,200 சதுர அடி, மூன்று படுக்கையறை என்றால் நிமிடத்துக்குச் சுமார் 66 கன அடி. இடுக்கை அடைக்கிறவரே அவ்வளவு காற்றை மாற்றுகிற ஃபேனையும் மாட்டி, அளந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

2024 அக்டோபர் 8

நேற்று எழுதியதை மனைவி படித்தார். “நீ பாதிக் கதைதான் எழுதியிருக்கிறாய்” என்கிறார். சரி, மீதி.

குழாய் ஆட்டிக்கில் நின்றது உண்மை. ஆனால் ஃபேன் ஓடினால்தானே குழாயைப் பற்றிப் பேச்சு. அது லாரி மாதிரி இரையும், அதனால் யாரும் போடவே மாட்டோம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருந்த அம்மா, பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்தவர், படுக்கையறை ஜன்னல் மேலே காற்று வருவதற்கென்றே வைத்திருந்த சின்னத் துவாரத்தில் பழைய தலையணை உறையைச் சுருட்டி அடைத்துவைத்திருந்தார். குழந்தைக்குச் சளி பிடிக்குமாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. கார்ப்பெட் போட்ட, காற்றுப் போகாத வீட்டில் சாம்பிராணி.

இதையெல்லாம் கண்டுபிடித்தது நான் இல்லை. அந்த வருடம் எனக்கு வேலை போயிருந்தது. மகளுக்கு ஆப்பிள் ஹெல்த், அதாவது எங்கள் மாநிலத்து மெடிக்கெய்டு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. க்ளினிக்கில் எழுதிக்கொடுத்ததால் ஒரு ஹெல்த் ஒர்க்கர் வந்தார். வியட்நாம்காரர், ஐம்பது வயதிருக்கும், நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை, அவருடைய மகனுக்கும் ஆஸ்துமா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததுமே அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

2024 அக்டோபர் 8, மறுபடி

செருப்பு என்றதும் ஞாபகம் வந்தது. வெளியே இருந்து வருகிற மண்ணும் ஈயத்தூசியும் பூச்சிமருந்தும் பெரும்பாலும் காலணியில்தான் உள்ளே வருகின்றன, அதனால் வாசலில் மிதியடி போடுங்கள், ஷூவைக் கழற்றுங்கள் என்பது இங்கே பெரிய பாடம். மிதியடியை இலவசமாகவே கொடுப்பார்கள். அந்தப் பாடத்தில் மட்டும் நாம் நூற்றுக்கு நூறு.

2024 அக்டோபர் 12

ஹெல்த் ஒர்க்கர் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

சியாட்டில்-கிங் கவுண்டியில் ஜேம்ஸ் க்ரீகர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 4 முதல் 12 வயது வரை ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கிற 274 ஏழைக் குடும்பங்கள். ஒரு பாதிக்கு ஒரே ஒரு தடவை வந்து சொல்லி, மெத்தை உறையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு பாதிக்கு ஒரு வருடத்தில் ஏழு தடவை, கூடவே மெத்தை உறை, நல்ல வாக்குவம், துப்புரவுச் சாமான். அவசர சிகிச்சைக்கு ஓடியவர்கள் ஏழு தடவை குழுவில் 23.4 சதவீதத்திலிருந்து 8.4க்கு இறங்கினார்கள். ஒரு தடவை குழுவில் 20.2இலிருந்து 16.4தான்.

ஏழு தடவை ஏன் என்பது எங்கள் வீட்டில் எனக்கே புரிந்தது. முதல் தடவை வருகிறவரிடம் எல்லாரும் பொய் சொல்வோம். வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, மருந்தை வேளை தவறாமல் கொடுக்கிறோம், எலி இல்லை, கரப்பான் இல்லை. பூச்சி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது மானப் பிரச்சினை. இரண்டாவது தடவை காபி கொடுப்போம். மூன்றாவது தடவைதான் அவர் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அவரே போட்டுவிட்டுப் போன மெத்தை உறையைக் காணோம். அம்மாதான் கழற்றியிருந்தார். பிளாஸ்டிக் பை மாதிரி சரசரவென்று சத்தம் போடுகிறது, குழந்தை தூங்கவில்லை என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். ஹெல்த் ஒர்க்கர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் துணி மாதிரி மென்மையாக இருக்கிற வேறு உறையை எடுத்து வந்தார். தலையணை உறை அடைத்த துவாரத்தைப் பார்த்ததும் அதே வருகையில்தான். இன்ஹேலரை, மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போக அதோடு மாட்டுகிற ஸ்பேசர் குழாய் இல்லாமல் நேரே வாயில் அடித்துக்கொண்டிருந்தோம் என்பதும், தினமும் கொடுக்க வேண்டிய மருந்தை இழுப்பு வந்தால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதும்கூட அன்றைக்குத்தான் வெளியே வந்தது. டாக்டர் இதே கேள்வியைக் கேட்டபோது எல்லாம் சரியாகத்தான் கொடுக்கிறோம் என்று தலையாட்டியிருந்தேன்.

உங்கள் மாமியார் தூசி தட்டுவதில் குறை சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர: காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டினால் தூசி பறந்து மறுபடி மூக்குக்குத்தான் வரும். ஈரத்துணி.

இரண்டையும் சேர்த்துச் செய்த ஆய்வுக்கு வருகிறேன். 2014இல் வந்தது, இதே கிங் கவுண்டி. ஹெல்த் ஒர்க்கர் வருகையோடு வெதரைசேஷனும் செய்த 34 வீடு, வருகை மட்டும் கிடைத்த 68 வீடு. ஒரு வருடம் கழித்து, வீடும் சரிசெய்யப்பட்ட குழுவில் 28.8 சதவீதப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் வந்தது, வருகை மட்டும் கிடைத்த குழுவில் 51.6 சதவீதம்.

2024 அக்டோபர் 13

நேற்றைய கடைசி வரி தலைகீழ். ஒருவர் “அப்படியானால் வீட்டைச் சரிசெய்யாததுதானே நல்லது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, என் தப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு எண்களை எழுதக்கூடாது.

ஆரம்பத்தில் இரண்டு குழுவிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும், 100 சதவீதம், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. வருட முடிவில் கட்டுக்குள் வராமலே மீந்தவர்கள், வீடும் சரிசெய்த குழுவில் 28.8, வருகை மட்டும் கிடைத்ததில் 51.6. சின்ன எண்தான் நல்ல எண்.

திருத்தும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். 34 வீடு என்பது சின்னக் கூட்டம். குலுக்கிப் போட்டுப் பிரித்த குழுக்களும் இல்லை. தரைத்தூசியில் ஒவ்வாமைப் பொருள்களை அளந்தபோது பெரும்பாலானவை குறைந்தன, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை; எலி விஷயத்தில் குறையவே இல்லை. ஆக, பிள்ளைகள் தேறினார்கள், எதனால் தேறினார்கள் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரின் வாழ்க்கை எவ்வளவு நிம்மதியானது என்று ஓர் அளவுகோலிலும் பார்த்தார்கள். அதில் கிடைத்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தூங்காத ராத்திரிகளை எண்ணியவனுக்கு அது தெரியும்.

2024 அக்டோபர் 19

“பழைய வீட்டில் காற்று தானாக உள்ளே வந்து போகும், அதுவே ஆரோக்கியம்” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி ஆட்டிக் இடுக்கு வழியாக வெளியே போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று வரும். கீழே என்ன இருக்கிறது? க்ரால் ஸ்பேஸ். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே நாம் மார்பால் ஊர்ந்து போகிற இடம். ஈர மண், எலிப்புழுக்கை, கிழிந்து தொங்கும் பஞ்சு, சில வீடுகளில் செத்த அணில். எத்தனையோ தடவை அதற்குள் படுத்து மேலே பார்த்திருக்கிறேன். குளியலறைக் குழாய்க்காகத் தரையில் வெட்டிய ஓட்டை கைப்பிடி அகலத்துக்குத் திறந்திருக்கும், அதற்கு நேர் மேலே குழந்தையின் அறை. நீங்கள் சொல்கிற இயற்கைக் காற்றோட்டம் அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அதை அடைத்து, மண்மேல் கனமான பிளாஸ்டிக் விரித்து, வெளிக்காற்றை நாம் தேர்ந்தெடுத்த வழியில், நாம் தேர்ந்தெடுத்த அளவில் விடுவதுதான் வெதரைசேஷன். காற்றை நிறுத்துவது இல்லை.

ஈரமும் இதில்தான். டஸ்ட் மைட் கண்ணுக்குத் தெரியாத உயிரி, தண்ணீர் குடிக்காது, காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சியே வாழும். வீட்டில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மெல்ல வற்றிவிடும். சியாட்டில் பக்கம் எட்டு மாதம் தூறலில் நனையும் ஊர். சுவர் குளிர்ந்திருந்தால் அதில் ஈரம் படியும், பூஞ்சை பூக்கும். இன்சுலேஷன் போட்டுச் சுவரைச் சூடாக வைத்தால் படியாது. பில் குறைப்பதற்காகக் கண்டுபிடித்த வேலை நுரையீரலுக்கும் உதவுவது இந்த வழியில்தான்.

மேற்கு சியாட்டிலில் ஹை பாயின்ட் என்று பழைய அரசுக் குடியிருப்பு. அதை இடித்துக் கட்டியபோது ஆஸ்துமா பிள்ளைகளுக்கென்றே 35 வீடுகளை வடிகட்டிய காற்று வரும்படி, தூசி அதிகம் தங்காத பொருள்களால் கட்டினார்கள். பழைய வீட்டில் இரண்டு வாரத்துக்கு 7.6 நாள் தொல்லை இல்லாமல் இருந்த பிள்ளைகள், புது வீட்டில் ஒரு வருடம் கழித்து 12.4 நாள் அப்படி இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் பல வருடம் சொல்லவில்லை. ஃபேன் விற்கிற புத்தி.

2024 அக்டோபர் 27

கேள்வி போட்டவருக்கு: வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வேலை முடிந்ததைக் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதில் எனக்கு வெட்கமான ஒரு விஷயமும் இருக்கிறது. கூரை ஒழுகினாலோ, பூஞ்சை பெரிதாக இருந்தாலோ, பழைய மின்கம்பி ஆபத்தாக இருந்தாலோ வெதரைசேஷன் பணத்தில் அதைச் சரிசெய்ய வழியில்லை, அல்லது போதாது. “இப்போதைக்கு முடியாது” என்று எழுதிவிட்டு வர வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை அதிகம் இழுக்கிறதோ அந்த வீட்டையே நாங்கள் தள்ளிவிட்டு வருகிறோம். 2015இல் வாஷிங்டன் சட்டமன்றம் வெதரைசேஷன் பணத்தில் ஆரோக்கியத்துக்கான வீட்டு வேலையையும் சேர்த்துச் செய்யலாம் என்று சட்டம் போட்டது, அதன்பிறகு கொஞ்சம் தேவலை. கார்ப்பெட்டை எடுக்கலாம், ஒழுகும் குழாயை மாற்றலாம், எலி வரும் ஓட்டையை அடைக்கலாம். கொஞ்சம்தான் தேவலை.

2024 நவம்பர் 21

முந்தாநாள் இரவு அடித்த புயல் பாம் சைக்ளோனாம், திடீரென்று வேகமாக வலுக்கும் புயல். லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் இல்லை, எங்களுக்கும் இல்லை. காரில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஃபேன் ஃபேன் என்று நான் அடித்த தம்பட்டத்துக்குப் பதில்: கரன்ட் இல்லாவிட்டால் ஃபேன் இல்லை, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

முக்கியமாக, கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், கராஜிலும் வேண்டாம். 2006 டிசம்பர் புயலில் குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டி கார்பன் மோனாக்சைடில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரிழப்பும் உண்டு. நிறையப் பேர் வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். இங்கே செய்தித்தாள் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை போட வேண்டிவந்தது. நம் மொழி பேசி நம் வீட்டுக்கு வருகிற ஆள் ஏன் தேவை என்று கேட்டீர்களே, இதற்கும்தான்.

2025 ஜனவரி 11

சென்னையிலிருந்து ஒருவர் இது நம்மூருக்கு ஒத்துவருமா என்கிறார். அங்கே ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கிறது, பிரச்சினையே வேறு. கொசுவர்த்தியை மட்டும் குழந்தை தூங்கும் அறையில் கொளுத்தாதீர்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கேஸ் அடுப்பு பற்றிக் கேட்டவருக்கு: அதில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமா பிள்ளைக்கு ஆகாது என்பது உண்மை. அடுப்பை மாற்றக் காசில்லை என்றால் மேலே இருக்கிற ஹூடை, புகையை இழுக்கிற ஃபேனை, போடுங்கள், முதலில் அது வெளியேதான் விடுகிறதா என்று பாருங்கள். பல வாடகை வீடுகளில் அது காற்றை இழுத்து உங்கள் முகத்திலேயே திரும்ப ஊதும். தாளிக்கும்போது கண் எரிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

2025 பிப்ரவரி 2

பணக் கணக்கு கேட்டார்கள். இப்படி வீட்டுக்கு வந்து பல காரணங்களையும் ஒரேயடியாகக் கவனிக்கிற திட்டங்களில், போட்ட ஒரு டாலருக்கு 5.30 முதல் 14 டாலர் வரை திரும்புகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு வருடத்துக்கு 21 நாள் தொல்லை குறைகிறது, 12 நாள் பள்ளி விடுப்பும் மிச்சம். பிறகு ஏன் எல்லா ஊரிலும் இல்லை? செலவு செய்வது வீட்டுவசதித் துறை, மிச்சம் பிடிப்பது மருத்துவக் காப்பீடு. அண்ணன் வீட்டில் உலை வைத்து தம்பி வீட்டில் சாப்பிடுவதுபோல. அண்ணன் எத்தனை நாளுக்குச் சமைப்பான்?

2025 மார்ச் 16

கேள்வி போட்டவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் இரண்டு மாதம் இழுத்தடித்துக் கையெழுத்துப் போட்டாராம். சத்தமில்லாத புது ஃபேன், தரைக்கடியில் பிளாஸ்டிக், கதவுக்கு ரப்பர் பட்டை. ஹெல்த் ஒர்க்கர் நாலு தடவை வந்துவிட்டார். பையன் பிப்ரவரியில் இரண்டு நாள்தான் பள்ளிக்குப் போகவில்லை, போன வருடம் ஒன்பது. இது ஒரு வீடு, ஒரு குளிர்காலம். அதற்கு மேல் இதிலிருந்து எதையும் நான் முடிவுகட்டப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. ஒற்றை டிஷ்யூ தாளை ஃபேனுக்கு நேரே பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், விழுந்தால் ஃபேன் இழுக்கவில்லை என்று ஹெல்த் ஒர்க்கர் சொல்லிக்கொடுத்தாராம். அன்றிலிருந்து மாமியார் தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறித் தாளைப் பிடித்துப் பார்க்கிறாராம். போன வாரம் தாள் விழுந்துவிட்டது. மகன் ஆபீஸ் முடிந்து வரும்வரை காத்திராமல் வீட்டுக்காரருக்கே போன் போட்டு, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் வரவழைத்துச் சுத்தம் செய்யவைத்திருக்கிறார்.

2025 மார்ச் 16, அரை மணி நேரம் கழித்து

படித்த சூட்டில் எங்கள் பாத்ரூமில் தாளைப் பிடித்துப் பார்த்தேன். விழுந்துவிட்டது. மனைவி கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறேன்.